பக்கத்து நாற்காலி

ஆறு மாதத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு சிமுலேட்டருக்குள், அதாவது தரையிலேயே நிற்கும் விமானப் பயிற்சிக் கருவிக்குள், உட்கார்ந்து, 4,000 அடியில் வைத்திருக்கச் சொன்ன விமானத்தை 4,350 அடிக்கு ஏற்றிவிட்டு, அது தெரியாமலேயே திருப்பத்தை மட்டும் அழகாக முடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரும் என்னைப் போல விமானி வேலைக்கான தேர்வுக்கு வந்தவர்தான். அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டோம். அவர் "ஆல்டிட்யூட்", அதாவது உயரத்தைக் கவனி, என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவையும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்செட் நன்றாக வேலை செய்தது, ஒலி போதுமான அளவு வைத்திருந்தேன், ஆனாலும் கேட்கவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது அவரே தயங்கித் தயங்கி, "நான் ரெண்டு தடவை சொன்னேங்க" என்றார். 350 அடித் தவறைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என் நெஞ்சில் தைத்தது.

மூன்று நாளில் மின்னஞ்சல் வந்தது. இந்த முறை இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்று. அந்த ஆறு மாதம் அடுத்த வாரம் முடிகிறது. மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே சுவரில் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் காக்பிட், அதாவது விமானிகள் உட்காரும் அறை, ஃபிளெக்ஸில் படமாகத் தொங்குகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று இந்தப் பக்கத்திலிருந்து கடன் வாங்கியும் வீட்டு நகையை அடகு வைத்தும் விமானம் ஓட்டப் படித்துவிட்டு இதே தேர்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் எனக்காகவும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் நாமே பொறுப்பு விமானியாக. குறைந்தது 300 கடல் மைலுக்கு ஒரு நெடும்பயணம், இரவில் பறப்பது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது எல்லாம் அதற்குள் வரும். பெரும்பாலும் செஸ்னா 172 மாதிரி ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஓட்டிவிட்டு, கடைசியில் கொஞ்சம் இரட்டை எஞ்சினில். இதெல்லாம் முடித்து உரிமம் கைக்கு வந்தாலும் விமான நிறுவனத்தின் கதவு தானாகத் திறக்காது. எழுத்துத் தேர்வு, மனத்திறன் தேர்வு, நேர்காணல், கூடவே இந்த சிமுலேட்டர்.

சிமுலேட்டர் தேர்வு என்றதும் எஞ்சினில் தீ, சக்கரம் இறங்கவில்லை என்று பெரிய பெரிய ஆபத்துகளாகக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே முதலில் செய்வது எல்லா உதவிகளையும் அணைப்பதுதான். ஆட்டோபைலட் கிடையாது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் ஃப்ளைட் டைரக்டர் கிடையாது. வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ திரஸ்ட்டையும் எனக்கு அணைத்துவிட்டார்கள். இதற்கு ரா டேட்டா என்று பெயர். கருவி காட்டுவதைப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போட்டு, கையால் ஓட்ட வேண்டும். கிளம்பு, 4,000 அடிக்கு ஏறு, வேகத்தைக் குறை, 45 டிகிரி சாய்த்து ஒரு முழு வட்டம் போடு, காத்திருந்து சுற்றும் ஹோல்டிங்கில் நுழை, ரேடார் சொல்லும் திசைகளில் திரும்பி, ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் சிக்னலைப் பிடித்து இறங்கு, இறங்கப் போகும்போது கோ அரவுண்ட் என்பார்கள், மறுபடி மேலே போ. இவ்வளவுதான். எல்லாம் பயிற்சிப் பள்ளியில் செய்ததுதான், ஆனால் வேறொரு விமானத்தில்.

அந்த வேறொரு விமானம் என்பதை லேசாக எடுத்துக்கொண்டதுதான் என் முதல் பிழை. செஸ்னா 172 எஸ் முழு எடையில் 1,157 கிலோ. ஏ320 77 டன்னுக்கு மேலும் போகும். அவ்வளவு எடை ஓடும்போது வேகம் மெதுவாகத்தான் மாற ஆரம்பிக்கும், ஆரம்பித்துவிட்டால் லேசில் நிற்காது. ஜெட் எஞ்சினில் திரஸ்ட் லீவரைத் தள்ளிய உடனே பலம் வந்துவிடாது, மெதுசுற்றிலிருந்து எழும்பி வரச் சில விநாடிகள் பிடிக்கும். வேகம் குறைந்த பிறகு தள்ளுவோம் என்று இருப்பவர் கடைசி வரை விமானத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் கைகள். இதை யாருமே எனக்கு முன்னாடி சொல்லவில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். செஸ்னாவில் மாணவர் இடப்பக்கம் உட்காருவார், இடக்கையில் விமானத்தைத் திருப்பும் யோக், வலக்கையில் எஞ்சின் பலத்துக்கான த்ராட்டில். ஏர்பஸ்ஸில் துணை விமானி வலப்பக்கம், வலக்கையில் யோக்குக்குப் பதிலாகச் சைட்ஸ்டிக் என்ற சின்னக் கைப்பிடி, இடக்கையில் திரஸ்ட் லீவர். 200 மணி நேரம் ஒரு வேலைக்குப் பழகிய இரண்டு கைகளும் ஒரே நாளில் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த சைட்ஸ்டிக்குக்கும் தனிக் குணம் உண்டு. சாய்த்துவிட்டு விட்டால் விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும், மூக்கும் வைத்த இடத்திலேயே இருக்கும், மூக்கை அங்கேயே தாங்கும் டிரிம்மைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் சாய்வு 33 டிகிரியைத் தாண்டினால் இந்த உபகாரமெல்லாம் நின்றுவிடும். ஸ்டிக்கை விட்டால் சாய்வு 33-க்கே திரும்பி வரும், மூக்கு கீழே போகாமல் நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் 350 அடி ஏறியது இப்படித்தான். 45 டிகிரியில் மூக்கைத் தாங்கப் பின்னால் இழுத்தேன், தேவைக்கு மேல் இழுத்தேன், இழுத்திருப்பதை மறந்து சாய்வு 45-இல் நிற்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணோடு சேர்ந்து காதும் அடைத்துக்கொண்டது.

ஊருக்கு வந்ததும் கையிலிருந்துதான் ஆரம்பித்தேன். மதுரையில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆள் உயர ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. காக்பிட் படத்தை நிஜ அளவுக்குப் பெரிதாக்கித் தரச் சொல்லித் தெற்குவாசல் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கடைக்கார அண்ணன் எதற்கு என்று விசாரித்துவிட்டு, டேப்பை எடுத்து ஒவ்வொரு பலகையையும் அளந்து சரிபார்த்து அடித்துக் கொடுத்தார், காசும் பாதிதான் வாங்கினார். அதைச் சுவரில் மாட்டி, எதிரே மர நாற்காலியைப் போட்டு, வலப்பக்கம் ஒரு சொம்பில் மணலை நிரப்பி டார்ச் லைட்டைச் செங்குத்தாக நட்டேன். இடப்பக்கம் இரண்டு மரக்கட்டைகள். முதல் இரண்டு வாரம் எண்ணும் கிடையாது, கணக்கும் கிடையாது. வலக்கையில் இரண்டு விரலும் கட்டை விரலும் மட்டும் பட டார்ச்சைப் பிடிப்பது, இடக்கையால் கட்டையைத் தள்ளுவது, கண்ணை மூடிக்கொண்டு கோ அரவுண்ட் சொல்லி, திரஸ்ட்டை முழுசாகத் தள்ளி, மூக்கை 15 டிகிரிக்குத் தூக்கி, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப் ஒரு படி மேலே, ஏறுவது உறுதியானதும் சக்கரம் மேலே. அப்படியே மறுபடி. தினமும் காலையில் நாற்பது தடவை. அம்மா மாடிப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போவார். இதைச் சேர் ஃப்ளையிங் என்று சொல்வார்கள். இதற்குச் செலவு கிடையாது, பலன் ரொம்பப் பெரிது. பயிற்சிப் பள்ளியில் சொல்லும்போது நான் இதை மதிக்கவில்லை.

கைக்குப் பிறகு எண்கள். விவரமான ஒரு பயிற்றுநர் எனக்குக் கொடுத்த முறை இது. மூக்கு இத்தனை டிகிரி, பலம் இத்தனை சதவீதம் என்று வைத்துவிட்டால் விமானம் அதற்குரிய வேகத்துக்குத் தானாக வந்து சேரும், வேகத்தைத் துரத்தாதே என்பார். 60 டன் சுமாருக்கு, 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தில் சமமட்டமாகப் போக மூக்கு 3, 4 டிகிரி, எஞ்சின் சுற்றைச் சதவீதத்தில் காட்டும் என்1 அறுபது சொச்சம். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் முழுசாக இறக்கி 3 டிகிரிச் சரிவில் வரும்போது மூக்கு 3 டிகிரியை ஒட்டி, என்1 ஐம்பது சொச்சம். எடை மாறினால் இதெல்லாம் மாறும். வைத்துவிட்டுப் பொறுத்திருந்து, பிறகு ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்குவதற்கான ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான். பொறுத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

மனக்கணக்குகளை என் தம்பி பார்த்துக்கொண்டான். 3 டிகிரிச் சரிவில் இறங்க வேண்டிய வேகம், தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் வரும் எண். எங்கள் ஊர் ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாளில் 27-இல் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 140 நாட்டில் வருகிறோம், 20 நாட் எதிர்காற்று, தரைவேகம் 120, அப்படியானால் நிமிடத்துக்கு 600 அடி. காற்றே இல்லையென்றால் 700. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது வாசல்படியில் நின்று கேட்பான், "அக்கா, 9,000 அடியில இருக்க, எத்தனை மைலுக்கு முன்னாடி இறங்க ஆரம்பிப்ப?" ஆயிரம் அடிக்கு 3 மைல், ஆக 27, வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். "நிமிஷத்துக்கு 1,500 அடி ஏறிக்கிட்டிருக்க, எங்க நிமிர்த்துவ?" பத்தில் ஒரு பங்கு, 150 அடிக்கு முன்னால். "180 நாட்டுல போற, பக்கவாட்டுல 30 நாட் காத்து." மூன்றில் ஒரு பங்கு, 10 டிகிரி. கடுகு வெடிக்கிற சத்தத்தில் விடை வர வேண்டும் என்பது அவன் வைத்த விதி. அது சரியான விதி, ஏனென்றால் சிமுலேட்டருக்குள் யாரும் நமக்குத் தாளும் பேனாவும் தந்து ஓரமாக உட்கார வைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். எனக்கு வேறொரு இடத்திலிருந்து வந்தது ஒன்று இருக்கிறது.

என் பெரியப்பா ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பின்பாட்டு என்றால் மேடையின் ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடவும் செய்பவர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் அந்த நாடகங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரியப்பா நாற்பது வருஷமாக அந்த மேடையில் இருக்கிறார். தை மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் மாடிக்கு வந்து நான் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி செய்வதை வெகுநேரம் பார்த்தார். நான் டார்ச்சையும் கட்டையையும் குனிந்து குனிந்து பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டையப் பாத்து வாசிக்கிறவன் பின்பாட்டே இல்ல தாயி," என்றார். "கை அது பாட்டுக்குப் போகணும். கண்ணும் காதும் மேடையில இருக்கணும்."

நான் கருவிகளைப் பார்க்கும் முறையை அவருக்கு விளக்கினேன். நடுவில் செயற்கை அடிவானம், அதிலிருந்து வேகத்துக்குப் போய்த் திரும்பி அடிவானத்துக்கு, அப்புறம் உயரம், திரும்பி அடிவானம், அப்புறம் திசை, திரும்பி அடிவானம். எங்கே போனாலும் நடுவுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும், எந்த இடத்திலும் ஒரு விநாடிக்கு மேல் தங்கக் கூடாது. "சுருதி மாதிரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தார், அந்தத் தட்டுக்கு என் கண் நகர வேண்டும். நான் எங்காவது தேங்கினால் தட்டு என்னைத் தாண்டிப் போய்விடும். அரை மணி நேரத்தில் கண் வலித்தது. ஒரு வாரத்தில் தட்டு இல்லாமலே கண் ஓடியது. 45 டிகிரித் திருப்பத்தில் நான் தேங்கிய இடம் எது என்பதும் அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அவரிடம் இன்னொன்று கேட்டேன், அதுதான் இந்த ஆறு மாதத்தில் நான் கற்றதில் பெரியது. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர், மிருதங்கம், தாளக்கருவிகளும் சத்தங்களும் போடும் ஆல்ரவுண்ட் எல்லாரும் தனித்தனியாகப் பேசி வைக்கப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. சில பேர் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான். அப்படியிருந்தும் விடியும் வரை எப்படித் தடுமாறாமல் போகிறது?

"கதை எல்லாருக்கும் தெரியும். எந்தக் காட்சிக்குப் பெறகு எந்தக் காட்சி, எங்க யாரு பாட்டு எடுக்கணும், அதுவும் தெரியும். தெரியாதது அந்த ஆளு மட்டும்தான். அதனால ஆளைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். புதுசா வந்த ஸ்திரீபார்ட் அரைக் கட்டை ஏத்தி எடுத்துட்டாங்கன்னா, எடுத்த எடுப்புலயே நான் அங்க போயிரணும். அவங்க தப்பா நான் தப்பான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா நாடகம் படுத்துரும்."

விமான நிறுவனங்களில் கேப்டனும் துணை விமானியும் அன்றைய பயணத்துக்கு முன்னால்தான் முதன்முதலாகச் சந்திப்பது சாதாரணம். யார் எப்போது எதைச் சொல்ல வேண்டும், எந்த வரிசையில் எந்தச் சரிபார்ப்பு என்பதெல்லாம் எழுதி வைத்த நடைமுறை, எல்லாருக்கும் ஒன்றே. தெரியாதது அந்த ஆள் மட்டும்தான். சிமுலேட்டர் தேர்வில் என்னைப் பார்த்துப் பழகாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தது ஆள் பற்றாக்குறையால் என்று நினைத்திருந்தேன். அதுவும் தேர்வில் ஒரு பகுதிதான் என்று இப்போது நம்புகிறேன். உயரம் 100 அடிக்குள் நிற்கிறதா, திசை 5 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்தான். ஆனால் 200 மணி நேரம் ஓட்டிய ஒரு பிள்ளை முதன்முதலாக ஏர்பஸ்ஸைப் பிடிக்கும்போது விலகத்தான் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? விலகியதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறாள், சொன்னால் கேட்கிறாளா, அடுத்த தடவை அதே தவறு வருகிறதா, இதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம்.

பெரியப்பாவுக்கு நானும் ஒன்று சொன்னேன். முதல் விமானப் பயிற்சிக் கருவியைச் செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எட்வின் லிங்க். அவர் குடும்பத் தொழில் பியானோவும் ஆர்கனும் செய்வது. 1929-இல் அவர் செய்த கருவியை ஆட்டி அசைத்தது ஆர்கனில் காற்றடிக்கும் அதே வகைத் துருத்திகள்தான். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் தபால் கொண்டுபோன அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகுதான் ராணுவம் 6 கருவிகளை வாங்கியது. பெரியப்பா தன் பெட்டியின் துருத்தியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம வகையறாதான்" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. இன்றைய சிமுலேட்டர் ஆறு கால்களில் நிற்கிறது, துருத்தி போய் வேறு பொறிகள் வந்துவிட்டன. ஆனால் மூடிய பெட்டிக்குள் நம்மை மெதுவாகப் பின்னால் சாய்த்தால் உள்காது அதை வேகம் கூடுவதாக நம்பிவிடுகிறது. நிஜ விமானத்தில் இது திரும்பி நடக்கும். மேகத்துக்குள் வேகம் கூடும்போது மூக்கு தூக்குவதாகத் தோன்றும், நம்பி முன்னால் தள்ளினால் கதை முடிந்தது. உடம்பு சொல்வதை விட்டுவிட்டு அடிவானத்துக்குத் திரும்பி வா என்று பயிற்றுநர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கேட்பது பற்றிச் சொல்லும்போது ஒரு விபத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரத்துக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் எண் பயணம், டிசி-8 விமானம், 189 பேர். சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்து, கேப்டன் அதைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானிக்கும் ஃப்ளைட் எஞ்சினியருக்கும் அது தெரியும். அவர்கள் பேசாமல் இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று எண்களைச் சொன்னார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். ஆனால் இப்போதே இறங்கியாக வேண்டும் என்று உரத்துச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, ஓடுபாதைக்குச் சில மைல் முன்னாலேயே விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். நாசா 1979-இல் கூட்டிய பட்டறை, 1981-இல் யுனைடெட் நிறுவனம் ஆரம்பித்த பயிற்சி, இன்று சிஆர்எம், அதாவது விமானக் குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது, என்று உலகமெல்லாம் விமானிகளுக்குச் சொல்லித் தருவது எல்லாம் இந்த மாதிரி விபத்துகளிலிருந்து வந்தவைதான். நான் இதைப் பரீட்சைக்காக முன்பே படித்திருக்கிறேன். அந்தக் கேப்டன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தது தண்ணீர் குடிக்கும் இடத்தில் அந்தப் பையன் சொன்ன பிறகுதான்.

நம் வளர்ப்பு வேறு இதில் குறுக்கே வருகிறது. பெரியவங்க பேசும்போது ஊடே பேசாதே, தப்பு செய்தாலும் நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டாதே என்று கேட்டே வளர்ந்தோம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏர்பஸ்ஸில் இறங்கும்போது வேகம் இலக்குக்கு 5 நாட் கீழேயோ 10 நாட் மேலேயோ போனால் பக்கத்தில் இருப்பவர் "ஸ்பீட்" என்று சொல்லியே தீர வேண்டும். நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கினால் "சிங்க் ரேட்". சாய்வு 7 டிகிரி தாண்டினால் "பேங்க்". இந்தச் சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதன் அருமையே இதுதான். அதில் மரியாதைக் குறைவுக்கு இடமே இல்லை. சொல்கிறவர் என்னைக் குறை சொல்லவில்லை, அவர் பாட்டு வர வேண்டிய இடத்தில் அவர் பாட்டை எடுக்கிறார். நான் "கரெக்டிங்", அதாவது சரிசெய்கிறேன், என்று பதில் எடுக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் மறுபடி, இன்னும் சத்தமாக.

அடுத்த மூன்று மாதம் தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் எக்ஸ்-பிளேன் என்ற விமானம் ஓட்டும் மென்பொருளைப் போட்டு, இரண்டாம் கையாக ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி என் கருத்து இது: வெளியே தெரியும் காட்சியை முழுக்க மேகமாக வைத்துவிட்டால் கருவி பார்க்கவும் கணக்குப் போடவும் அது நன்றாக உதவும். அழகான காட்சிகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் கெட்ட பழக்கம்தான் வரும். ஸ்டிக்கின் கனம், விமானத்தின் சோம்பல் எதுவும் அதில் சரியாக வராது. வாடகைக்கு சிமுலேட்டர் எடுக்க முடிந்தால் எடுங்கள், ஆனால் தனியாகப் பத்து மணி நேரம் எடுப்பதைவிட முன்பின் தெரியாத ஒருவரோடு இரண்டு மணி நேரம் எடுப்பது மேல். என்னால் மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குத்தான் காசு புரட்ட முடிந்தது, அக்கா கொடுத்தாள்.

தம்பியோடு ஓட்டியதில் ஒரு சிக்கல் இருந்தது, ரொம்ப நாள் எனக்கே தெரியவில்லை. அவன் குரல் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். "அக்கா, உயரம்!" என்று அவன் கத்தினால் தூக்கத்தில்கூட எனக்குக் கேட்கும். அவன் சொல்லி நான் திருத்துவதைப் பார்த்து நாங்கள் இருவருமே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். போன மாதம் பெரியப்பா மறுபடி வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அங்க உம் தம்பியா வந்து உக்காரப் போறான்?"

அதனால் ஆள் தேடினேன். கூடப் படித்த தோழி மூலமாக விருதுநகரில் ஒருவர் கிடைத்தார். அவருக்கும் அடுத்த மாதம் இதே தேர்வு. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். அதற்கு முன்னால் ஒருமுறைகூடப் பேசியதில்லை, செய்தி அனுப்பியதோடு சரி. என்னைவிட இரண்டு வயது சின்னவர், அமைதியான குரல், எடுத்த எடுப்பிலேயே "மேடம்" என்றார். மேடம் வேண்டாம் என்று சொல்லி, சாப்பிட வைத்து, மாடிக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசினேன். எங்கே கிளம்புகிறோம், எங்கே இறங்குகிறோம், காற்று எப்படி, எஞ்சின் நின்றால் யார் என்ன செய்வது. கடைசியாக, "எனக்கு 45 டிகிரித் திருப்பத்துல கண்ணு சாய்வுலயே நின்னுரும். உயரம் 100 அடி விலகினா சொல்லுங்க. நான் பதில் சொல்லலைன்னா எனக்குக் கேக்கலைன்னு அர்த்தம், கத்திச் சொல்லுங்க, பரவாயில்ல" என்றேன். பெங்களூரில் அன்று காலை அந்தப் பையனிடம் நான் பேசியது பெயரும் ஊரும் மட்டும்தான்.

கிளம்பினோம். 4,000 அடி, 250 நாட், இடப்பக்கம் 45 டிகிரி. கீழே தெருவில் மைக்செட் கட்டி ஏதோ விசேஷத்துக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள், மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பாதி வட்டத்தில் மூக்கு லேசாக ஏறியது. நான் அடிவானத்திலிருந்து திசைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன், உயரத்துக்கு இன்னும் போகவில்லை.

"ஆல்டிட்யூட்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"கரெக்டிங்."

மூக்கை ஒரு டிகிரி இறக்கினேன். 4,110, 4,080, 4,030. திருப்பம் முடிந்து நிமிர்த்தியதும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அடுத்தது வலப்பக்கம். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."